புதுசா வக்கீலா என்ரோல் பண்ணிட்டு டிரையல் சைடு வர்றவங்களுக்கு: நம்ம குமரி மாவட்டத்துக்கு ஏத்த மாதிரி

கறுப்புக் கோட்டு தைச்சாச்சு, என்ரோல்மென்ட் போட்டோவ ஸ்டேட்டஸ்ல போட்டாச்சு, வக்கீலுக்கு உள்ள பார் தேர்வு ஏஐபிஇ எழுதணும் (ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணிரணும், அத இழுத்துக்கிட்டு போகாதீங்க), இனி என்ன செய்யணும்னு வருஷா வருஷம் நாலஞ்சு பிள்ளைங்க என்கிட்ட வந்து கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் டீ வாங்கிக் குடுத்து ஒரே கதைய சொல்லி வாய் வலிக்குது, அதனால எழுதியே வச்சிருதேன். ஹைகோர்ட் மதுரை பெஞ்சுல ரிட், அப்பீல்னு போகப் போறவங்களுக்கு இது பெருசா ஒதவாது. சாட்சிய கூண்டுல ஏத்தி வச்சு கேள்வி கேக்குற வேலை, அத கத்துக்கணும்னு நெனைக்கிறவங்க மட்டும் மேல படிங்க.

முதல்ல ஆபீஸ் புடிக்கிறது. நாகர்கோவில், பத்மநாபபுரம்னு சொல்ற தக்கலை, இரணியல், குழித்துறை, பூதப்பாண்டின்னு நம்ம மாவட்டத்துல கோர்ட்டு பல இடத்துல கிடக்கு, எல்லாருக்கும் நாகர்கோவில்லயே பெரிய ஆபீஸ்ல சேரணும்னு ஆசை. ஆபீஸ் பெருசா சின்னதாங்கிறத பாக்காதீங்க, அங்க டிரையல் நடக்குதான்னு பாருங்க. சில ஆபீஸ்ல கட்டு (கேஸ் ஃபைல்) ஆயிரம் இருக்கும், ஆனா எல்லாம் ஜாமீன், செக் கேஸ் காம்ப்ரமைஸ், வாய்தா வாங்குறதோட முடிஞ்சுரும், மூணு வருஷம் அங்க இருந்தாலும் ஒரு சாட்சிய பக்கத்துல நின்னு பாத்துருக்க மாட்டீங்க. இதுக்கு ஒரு வழி இருக்கு. சேருறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஏதாவது ஒரு முன்சீப் கோர்ட்டுலயும் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டுலயும் பின்னால பெஞ்சுல போய் சும்மா உக்காருங்க. யாரு எந்திரிச்சு கிராஸ் (எதிர்த்தரப்பு சாட்சிய குறுக்கு விசாரணை) பண்றாங்க, யாரு எப்ப பாத்தாலும் 'வக்கீலுக்கு உடம்பு சரியில்ல'ன்னு ஜூனியர விட்டு அவகாசம் கேக்க வைக்கிறாங்கன்னு ஒரு வாரத்துல வெளிச்சமாயிரும். சம்பளம்? 2024-ல ஹைகோர்ட் உத்தரவுக்குப் பிறகு ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குடுக்கணும்னு பார் கவுன்சில் சொல்லிச்சு. நம்ம ஊர்ல எத்தன ஆபீஸ்ல அது கைக்கு வருதுன்னு சேரும்போதே வெக்கப்படாம கேட்டுருங்க, பெறகு மனஸ்தாபம் வேண்டாம்.

சேந்தாச்சுன்னு வைங்க. முதல் ஆறு மாசம் உங்க வேலை உக்காந்து பாக்குறது. காலையில காலிங் (கேஸ்கள வரிசையா கூப்பிடுறது) முடிஞ்சு, வாய்தா குறிச்சுட்டு கூட்டமெல்லாம் கேண்டீனுக்கு எறங்கிப் போற நேரம்தான் சாட்சி ஏறுற நேரம், நீங்க அப்ப உள்ள இருக்கணும். ஒரு நோட்டுல நடுவுல கோடு போடுங்க. இடது பக்கம் வக்கீல் கேட்ட கேள்வி, வலது பக்கம் அதுக்கு என்ன டைப் ஆச்சுங்கிறது. சாட்சி வாயில இருந்து வந்ததும் டைப்பிஸ்ட் கம்ப்யூட்டர்ல ஏறுறதும் ஒண்ணு இல்லங்கிறது காலேஜ்ல எவனும் சொல்லித் தர மாட்டான். நம்ம கோர்ட்டுல கேள்வி பதிலா பெரும்பாலும் எழுத மாட்டாங்க, கேள்வியையும் பதிலையும் ஒண்ணாச் சுருட்டி சாட்சியே சொல்ற மாதிரி 'நான் அன்று அங்கே இல்லை என்றால் சரியல்ல'ன்னு ஜட்ஜ் டிக்டேட் பண்ணுவாரு. நீங்க அற்புதமா கேட்டுருக்கலாம், சாட்சி திக்கித் தெணறி நிமிசக்கணக்கா முழிச்சிருக்கலாம், பேப்பர்ல வர்றது அந்த ஒரு வரிதான். அப்பீல் கோர்ட்டு பாக்கப் போறதும் அந்த வரியத்தான். அதனால கேள்வி கேட்டு முடிச்ச திருப்தியில அடுத்த கேள்விக்குத் தாவாம, என்ன டைப் ஆகுதுன்னு காதக் குடுத்து நிக்கணும். தப்பா ஏறுனா அப்பவே, மரியாதையா, 'சார், சாட்சி சொன்னது வேற'ன்னு சொல்லணும். சாயங்காலம் சொல்லி புண்ணியம் கிடையாது.

இதுக்கு ஒரு உதாரணம். ஒரு அம்மா 'மோந்திக்கு நடந்துது'ன்னு சொல்லிச்சு. டைப் ஆனது 'மாலையில்'. மோந்தின்னா நமக்குத் தெரியும், வெளக்கு வைக்கிற நேரம், முகம் மங்குற நேரம். மாலைன்னா நாலு மணியும் மாலைதான், நல்ல வெயில் அடிக்கும். அடையாளம் தெரிஞ்சுதா இல்லையாங்கிறதுதான் அந்த கேஸே, ஒரு வார்த்தையில வெளிச்சம் வந்துருச்சு பாத்தியளா. இதே மாதிரி நம்ம ஆளு 'வெட்டோத்தி'ன்னு சொல்லுவான், எஃப்ஐஆர்ல 'அரிவாள்'னு இருக்கும். அத வச்சு முரண்பாடு முரண்பாடுன்னு குதிக்கிற ஜூனியர்களயும் பாத்துருக்கேன். வேறபட்டது பொருளா, இல்ல பொருளுக்கு உள்ள பேரான்னு யோசிச்சுட்டு குதிங்க. மேக்க விளவங்கோடு பக்கம் இருந்து வர்ற சாட்சி பேச்சுல பாதி மலையாளம் கலந்து வரும், கெழக்க தோவாளைப் பக்கத்து ஆளு பேச்சு வேற, ரெண்டும் புரியாம இந்த மாவட்டத்துல டிரையல் பண்ண முடியாது.

அடுத்து கட்டு படிக்கிறது. எல்லாரும் சொல்ற அட்வைஸ்தான், ஆனா எப்படி படிக்கணும்னு யாரும் சொல்றதில்ல. கிரிமினல் கேஸ்னா எஃப்ஐஆர்ல ஆரம்பிக்காதீங்க, ஆஸ்பத்திரி ஏஆர் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) காப்பிய மொதல்ல எடுங்க. அடிபட்டவன் போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி ஆசாரிபள்ளத்துலயோ தக்கலையிலயோ டாக்டர் கிட்டதான் போயிருப்பான், அங்க 'தெரிந்த இரண்டு பேர் கம்பால் அடித்ததாக'ன்னு ஒரு வரி இருக்கும், எஃப்ஐஆர் வரும்போது அந்த ரெண்டு பேரு அஞ்சு பேராயிருப்பான், கம்பு இரும்புக் கம்பியாயிருக்கும். பெறகு எஃப்ஐஆர் போட்ட நேரத்தையும் அது மாஜிஸ்திரேட் கைக்குப் போய்ச் சேந்த நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. ஸ்டேஷன்ல இருந்து கோர்ட்டுக்கு பைக்ல அரைமணி நேரம், எஃப்ஐஆர் போய்ச் சேர ஒன்றரை நாளாச்சுன்னா நடுவுல என்ன நடந்துதுன்னு கேக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிவில் கேஸ்னா தேதிகள மட்டும் தனித்தாள்ல வரிசையா எழுதுங்க. அந்தத் தாள் ஒண்ணு கையில இருந்தா போதும், ஜட்ஜ் எது கேட்டாலும் கட்டப் பொரட்டிக்கிட்டு நிக்க வேண்டாம்.

புதுச் சட்டம் பத்தி சுருக்கமா. 2024 ஜூலை 1-ல இருந்து ஐபிசிக்குப் பதிலா பிஎன்எஸ், சிஆர்பிசிக்குப் பதிலா பிஎன்எஸ்எஸ், எவிடன்ஸ் ஆக்ட்டுக்குப் பதிலா பிஎஸ்ஏ. சாட்சி போலீஸ்கிட்ட சொல்ற பழைய 161 ஸ்டேட்மென்ட் இப்ப பிஎன்எஸ்எஸ் 180, குற்றம் சாட்டப்பட்டவர்கிட்ட ஜட்ஜ் கேக்குற பழைய 313 கேள்வி இப்ப 351, சாட்சிய பழைய வாக்குமூலத்த வச்சு முரண்படுத்துற எவிடன்ஸ் ஆக்ட் 145 இப்ப பிஎஸ்ஏ 148. சீனியர்மாரு வாயில இன்னும் பழைய நம்பர்தான் வரும், நீங்க ரெண்டையும் தெரிஞ்சு வச்சுக்கிடுங்க.

நம்ம மாவட்டத்துக்குன்னே உள்ள ஒரு தலைவலி பழைய ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர் பக்கம் இருந்தோம்ல, அதனால தாத்தா காலத்து ஆதாரம் மலையாளத்துல இருக்கும், தேதி கொல்லம் ஆண்டுல இருக்கும். மொழிபெயர்ப்பு ஒருத்தர் எழுதிக் குடுப்பாரு, அத அப்படியே நம்பி தாக்கல் பண்ணிராதீங்க, கொறஞ்சது எல்லை, சொத்து விவரத்தையும் சென்ட் கணக்கையும் மூலத்தோட வச்சு ஒரு தடவ ஒத்துப் பாருங்க. கொல்லம் ஆண்ட மாத்துறதுக்கு, சிங்கத்துல இருந்து தனு பாதி வரைக்கும் 824 கூட்டணும், ஜனவரி பொறந்த பெறகு வர்ற நாளுக்கு 825. 1112 தனு பாதிக்கு மேலன்னா 1937. கண்ண மூடிட்டு எல்லாத்துக்கும் ஒரே நம்பர கூட்டி, பிராதுல (வழக்கு மனுவுல) ஒரு வருசம் முன்ன பின்ன போட்டு, கிராஸ்ல வாதி முழிச்சத நான் கண்ணால பாத்துருக்கேன். கிறிஸ்தவக் குடும்பத்து பாகப்பிரிவினை வந்தா இன்னும் ஒண்ணு: கொல்லம் 1092-ம் ஆண்டு திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்துல மகளுக்கு மகன் பங்குல கால்வாசி, இல்லன்னா 5,000 ரூவா, இதுல எது கொறவோ அதுதான். மேரி ராய் கேஸ்ல 1986-ல சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் 1951-லயே போயாச்சுன்னு சொல்லிருச்சு. அப்பன் செத்தது 51-க்கு முன்னயா பின்னயாங்கிறத மொதல் நாளே கட்சிக்காரங்கிட்ட கேக்காம பிராது எழுத உக்காரக்கூடாது.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. எடத்துக்குப் போங்க. எந்த கேஸா இருந்தாலும் சம்பவ எடத்துக்கு ஒரு தடவ, முடிஞ்சா சம்பவம் நடந்ததா சொல்ற அதே நேரத்துல, போய் நில்லுங்க. போலீஸ் போட்ட ரஃப் ஸ்கெட்ச்சும் பார்வை மகஜரும் (எடத்தப் பாத்து போலீஸ் எழுதுன குறிப்பு) கையில இருக்கட்டும். கூடவே அந்தச் சாட்சி என்ன வேலை செய்து பொழைக்கிறான்னு விசாரிச்சுக்கிடுங்க. கிராஸ் பண்றதுக்கு உள்ள சரக்கு அங்கதான் இருக்கு, ஆபீஸ்ல உள்ள தடி புத்தகத்துல கிடையாது.

ரப்பர் பால் வெட்டுற ஒருத்தன் சாட்சி. வெடியக்காலம் நாலரைக்கு வெட்டிக்கிட்டு நிக்கும்போது, இருபதடி தள்ளி நடபாதையில நம்ம கட்சிக்காரன் ஓடுனத பாத்தேன்னு சொல்றான். ஆபீஸ்ல இருந்து படிச்சா நல்ல சாட்சி, இயல்பா அந்த நேரத்துல அங்க நிக்க வேண்டியவன். தோட்டத்துக்குள்ள போய்ப் பாருங்க. தலையில கட்டியிருக்க லைட்டு, மொகத்துக்கு நேர ஒண்ணரை அடில பட்டை வெட்டுற எடத்துல அடிக்குது, அந்த வெள்ளை வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறவனுக்கு சுத்தி எல்லாமே கருங்கும்முனு இருக்கும், நீங்க ஒரு தடவ அந்த லைட்ட கட்டிப் பாத்தா போதும். அடுத்து, அவன் சொல்ற நாளு எது? மழை நாளுல மரம் நனைஞ்சு கிடந்தா வெட்டு கிடையாது, மரத்துல ரெயின் கார்டு (மழை படாம கட்டுற மறைப்பு) போட்டுருந்தாத்தான் உண்டு. மாசி பங்குனி பக்கம் எலை உதிர்ற நேரம்னா நெறைய தோட்டத்துல வெட்டையே நிறுத்தி மரத்துக்கு ரெஸ்ட் குடுப்பாங்க. வெட்டு கணக்கு எழுதுற நோட்டு தோட்டக்காரர்கிட்ட இருக்கும், ரப்பர் ஷீட் கணக்கும் இருக்கும். இந்த நாலு விசயம் தெரிஞ்சவனும் தெரியாதவனும் அந்தச் சாட்சிகிட்ட ஒரே மாதிரியா கேக்கப் போறாங்க?

கடல் பக்கமும் இதே கததான். 'நான் அன்னைக்கு போட்ல கடல்ல கிடந்தேன்'னு ஒருத்தன் சொன்னா மொதல்ல மாசத்தப் பாருங்க, பெறகு எந்த ஊரு போட்டுன்னு கேளுங்க. நம்ம ஒரே மாவட்டத்துல ரெண்டு தடைக்காலம். கெழக்க சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை, மேக்க குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரை. தடை விசைப்படகுக்குத்தான், வள்ளத்துக்கு (நாட்டுப் படகுக்கு) கிடையாது. அவன் வெறும் 'போட்'னு சொன்னத நீங்க விசைப்படகுன்னு முடிவு பண்ணி, ஜூலை மாசத்துல குளச்சல்ல இருந்து எப்படிப் போனேன்னு மடக்க நெனைச்சு, அவன் 'நான் வள்ளத்துல போனேன் சார்'னு சொன்னா நீங்கதான் காலி. அதனால மொதல்ல என்ன வண்டி, எத்தன பேரு, என்ன எஞ்சின்னு மெதுவா ஒவ்வொரு கதவா அடைங்க, மாசத்த கடைசியில எடுங்க.

கட்சிக்காரன்கிட்ட பேசுறது. அவன் தனக்கு சாதகமா உள்ளதத்தான் சொல்லுவான், மனுசன் அப்படித்தான். 'எதிராளி ஒங்களப் பத்தி என்ன சொல்லுவான்?'னு கேளுங்க, அப்ப கோவத்துல எல்லாத்தையும் கொட்டுவான், நமக்கு வேண்டியது அதுதான். சாட்சிய தயார் பண்றதுக்கும் சொல்லிக் குடுக்கிறதுக்கும் நடுவுல ஒரு வரப்பு இருக்கு, அதத் தாண்டாதீங்க. கூண்டு எங்க இருக்கும், யாரு கேள்வி கேப்பாங்க, புரியலன்னா புரியலன்னு சொல்லலாம், தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம், இதெல்லாம் சொல்லுங்க. நடந்தது அவன் வாயில இருந்துதான் வரணும். 'வக்கீல் ஆபீஸுக்குப் போனீங்களா?'ன்னு எதிர்த்தரப்பு கண்டிப்பா கேக்கும். நம்ம ஆளு பயந்து 'இல்ல'ம்பான், தேவையில்லாத மொதல் பொய் அதுதான். 'போனேன், நடந்தத கேட்டாரு, சொன்னேன்'னு சொல்றதுல ஒரு குத்தமும் இல்லன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. சிவில்ல சீஃப்ப (நம்ம சாட்சியோட முதல் விசாரணைய) புரூஃப் அஃபிடவிட்டா, எழுத்து மூலமா, போட்டுருவோம், அது நம்ம வக்கீல் தமிழ்ல இருக்கும், 'மேற்படி சொத்தில் மேற்படியாருக்கு யாதொரு பாத்தியதையும்'னு. மொத நாள் ராத்திரி அத வரி வரியா வாசிச்சுக் காட்டாம கூண்டுல ஏத்துனா, 'அஃபிடவிட்ல என்ன எழுதியிருக்கு?'ங்கிற மொதல் கேள்வியிலேயே அவரு 'அது வக்கீலுக்குத்தான் தெரியும்'னு சொல்லி நம்மள தெருவுல விட்டுருவாரு.

இப்ப கிராஸ். புதுசுல எல்லாரும் செய்யிற பெரிய தப்பு ஒண்ணு சொல்றேன், இத பிரிண்ட் போட்டு கட்டுல ஒட்டி வைங்க. சாட்சி போலீஸ்ல சொல்லாத ஒரு விசயத்த கோர்ட்டுல புதுசா சொல்றான். நீங்க '180 ஸ்டேட்மென்ட்ல இத சொல்லலன்னா சரிதானே'ன்னு கேக்குறீங்க, அவன் சொன்னேன்ங்கிறான், 'சொல்லவில்லை என்றால் சரியல்ல'ன்னு டைப் ஆகுது. பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. நாலு மாசம் கழிச்சு ஐஓ (கேஸ விசாரிச்ச போலீஸ் அதிகாரி) கூண்டுல ஏறும்போது, 'இந்தச் சாட்சி உங்க விசாரணையில இப்படிச் சொன்னாரா?'ன்னு கேட்டு, 'சொல்லவில்லை'ன்னு வாங்குனாத்தான் அந்த முரண்பாடு நிரூபணம் ஆகும். இல்லன்னா ஆர்கியூமென்ட்ல நீங்க தொண்டை கிழிய கத்துனாலும் ஜட்ஜ்மென்ட்ல ஒரு வரி வராது. அதனால ஒவ்வொரு சாட்சி முடிஞ்ச உடனே 'ஐஓகிட்ட கேக்க வேண்டியது'ன்னு ஒரு தாள்ல ஏத்திக்கிட்டே வாங்க. அதே மாதிரி நம்ம தரப்பு கதை என்னவோ, அத சம்பந்தப்பட்ட சாட்சிகிட்ட சஜஷனா ('இப்படித்தான் நடந்தது, சரிதானே'ன்னு) போட்டுத்தான் ஆகணும். அவன் மறுப்பான்னு தெரியும், இருந்தாலும் போடணும், போடாம விட்டா அத நாம ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட எடமிருக்கு.

எங்க நிறுத்தணும்ங்கிறதுக்கு என் மானம் போன கதைதான். ஒரு அடிதடி கேஸ், நான் வந்து மூணாவது வருசம். மேல சொன்ன அந்த மோந்தி அம்மாதான் சாட்சி. மாலைன்னு ஏறுனத நானே எந்திரிச்சு சொல்லி மாத்த வச்சேன், சீனியர் திரும்பி ஒரு பார்வை பாத்தாரு, எனக்குத் தல கால் புரியல. அங்க தெருவெளக்கு கிடையாதுன்னா சரிதானே? சரிதான். சுத்தி கொல்லா மரமும் அயனி மரமும் நெறஞ்சு கிடக்கும்? ஆமா. ஒங்களுக்கு கண்ணுல ஆபரேசன் ஆயிருக்கு? ஆயிருக்கு. ஒக்காந்துருக்கணும். நான் ஒக்காரல, எடுப்பா நின்னு, 'பெறகு எப்படிம்மா ஆள அடையாளம் தெரிஞ்சுது?'ன்னு கேட்டேன். அந்த அம்மா என்னையப் பாத்து ரொம்ப பாவமா, 'மக்ளே, அவன் எம்மவன்கூட பத்து வருசம் பள்ளிக்கூடம் போன பயலாக்கும், என்னைய இடிச்சுட்டு மாமி தள்ளு தள்ளுன்னுல்லா ஓடுனான், சத்தம் தெரியாதா எனக்கு?'ன்னு சொல்லிச்சு. ஜட்ஜ் சிரிக்காம அத அப்படியே, ஒரு எழுத்து விடாம டிக்டேட் பண்ணாரு. சீனியர் காருல ஏறுற வரைக்கும் பேசல, ஏறுன பெறகு 'மூணு கேள்வி நல்லாருந்துது'ன்னு மட்டும் சொன்னாரு. நாலாவது கேள்வி பத்தி அவரு இன்னைக்கு வரைக்கும் வாய் தொறந்தது இல்ல. அன்னையில இருந்து கேள்விகள எழுதும்போதே கடைசி கேள்விக்கு அடியில ஒரு கோடு போட்டு வச்சுருதேன். கோட்டுக்கு கீழ ஒண்ணு கேக்கணும்னு நாக்கு துடிச்சா தண்ணி குடிப்பேன்.

குரல், இங்கிலீஷ், பெர்சனாலிட்டின்னு நெறைய பேரு பயப்படுறாங்க, குறிப்பா குடும்பத்துல மொதல் வக்கீலா வர்றவங்க. கீழ் கோர்ட்டுல சாட்சியம் தமிழ்ல, கேள்வி தமிழ்ல. நல்லா கேக்குற மாதிரி நிதானமா பேசுனா போதும். பாரு ரூம்ல எங்க உக்காருறதுன்னு தயங்கவே வேண்டாம், ஒரு காலத்துல நாகர்கோவில் பார்ல சிலருக்கு நாற்காலி சிலருக்கு முக்காலின்னு இருந்தத, குமரிய தமிழ்நாட்டோட சேக்கப் போராடுன மார்ஷல் நேசமணி உதைச்சுத் தள்ளுனாருன்னு பெரியவங்க சொல்லுவாங்க, அவரும் இங்க வக்கீலா இருந்தவருதான். காலியா உள்ள நாற்காலியில உக்காருங்க. பென்ச் கிளார்க், டைப்பிஸ்ட், டவாலி, எதிர் ஆபீஸ் குமாஸ்தா, இவங்ககிட்ட மொகம் குடுத்துப் பேசுங்க, வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். எதிர் வக்கீல்கிட்ட கோர்ட்டுக்குள்ள எவ்வளவு வேணும்னாலும் சண்டை போடுங்க, ஆனா 'நாளைக்கு சாட்சி ரெடி'ன்னு வாக்கு குடுத்துட்டு மாத்திராதீங்க, சின்ன ஊரு, ரெண்டே மாசத்துல பேரு கெட்டுப்போகும்.

அன்றாடப் பழக்கம்னு பெருசா ஒண்ணும் இல்ல. டைரிய குமாஸ்தா எழுதுனாலும் நீங்களும் தனியா எழுதுங்க, ராத்திரி இ-கோர்ட்ஸ் ஆப்ல அடுத்த நாள் கேஸ ஒரு தடவ ஒத்துப் பாருங்க. பத்தே காலுக்கு கோர்ட்டுல இருங்க. கல்யாண வீட்டுக்கு முந்தின நாள் போறதா வேண்டாமான்னு யோசிக்கும்போது மறுநாள் பார்ட் ஹேர்ட் (பாதியில நிக்கிற விசாரணை) இருக்கான்னு பாத்துட்டு சரின்னு சொல்லுங்க, இதுல வீட்டுல சண்ட வரும், எனக்கும் வந்துச்சு.

அப்புறம், சாட்சி எறங்குன அன்னைக்கே, அலுப்பா இருந்தாலும், வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி டெபோசிஷன் (டைப் ஆன சாட்சியம்) காப்பிக்கு அப்ளிகேஷன் போட்டுருங்க. அது வந்த உடனே நடுவுல கோடு போட்ட உங்க நோட்ட பக்கத்துல வச்சு வாசிங்க. கேட்டதுக்கும் ஏறுனதுக்கும் எங்கெல்லாம் இடைவெளி விழுந்திருக்கோ அங்க சிவப்பு மையில வட்டம் போட்டுட்டு, அடுத்த சாட்சிக்கு உள்ள தாள எடுங்க.